ராயல் அஸ்காட்: பரிசாகக் கிடைத்த பயணம்

புதன் இரவு, விண்ட்சர்

குதிரை மருத்துவ மேற்படிப்பில் சிறந்த ஆய்வறிக்கை எழுதியவர்களுக்கு எங்கள் கல்லூரி இந்த ஆண்டு கொடுத்த பரிசு, இங்கிலாந்தின் ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு அனுமதிச் சீட்டு. இதைவிட நல்ல பரிசை எனக்கு யாரும் தந்திருக்க முடியாது. பந்தயக் குதிரையின் கால் எலும்பையும் நுரையீரலையும் படத்திலும் ஸ்கேனிலும் பார்த்துப் படித்தவர்கள் நாங்கள். அந்தக் குதிரை முழு மூச்சாக ஓடுவதை வேலியோரம் நின்று பார்த்ததில்லை.

என் அறிக்கை குளம்பு அழற்சி பற்றியது. கூட வருகிற அயர்லாந்துத் தோழி குரல்வளை நரம்பு பற்றி எழுதினாள். வேல்ஸ் நண்பன் தசைநார்க் காயம், நைஜீரிய நண்பர் வயிற்றுவலி. வயிற்றுவலிதானே என்று நினைத்துவிட வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. எங்களை அழைத்துப் போகிறவர் எங்கள் பேராசிரியை. வாழ்நாள் முழுக்கக் குதிரைகளோடு இருந்தவர், அதிகம் பேசமாட்டார்.

அஸ்காட்டுக்கு நேரே போகாமல் முதலில் விண்ட்சருக்கு வந்தது அவருடைய யோசனை. கதை இங்கேதான் தொடங்குகிறது. 1711இல் ஆன் அரசி இங்குள்ள விண்ட்சர் கோட்டையிலிருந்து குதிரைச் சவாரி போனபோது பக்கத்தில் அஸ்காட்டில் ஒரு திறந்தவெளியைக் கண்டு, குதிரைகள் ஓட ஏற்ற இடம் என்று முடிவு செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி அங்கே முதல் பந்தயம் நடந்தது. ஏழு குதிரைகள், பரிசு 100 கினி, அந்தக் காலத்துப் பொற்காசு. ஒவ்வொரு குதிரையும் 76 கிலோ சுமந்துகொண்டு நான்கு மைல் ஓட வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! மொத்தம் 19 கிலோமீட்டர். இன்றைய பந்தயக் குதிரையிடம் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அன்று ஓடியவை வேட்டைக்குப் போகிற வலுவான குதிரைகள். நாம் இப்போது தரோபிரெட் என்று சொல்கிற பந்தயக் குதிரை இனம் அந்தக் காலத்தில்தான் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் விண்ட்சர் பூங்காவில் 'லாங் வாக்' என்ற நீண்ட நேர்ப்பாதையில் நடந்தோம். கோட்டை வாசலிலிருந்து நாலு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நேராகப் போய், ஒரு குன்றின் மேல் மூன்றாம் ஜார்ஜின் குதிரைச் சிலையில் முடிகிறது. சிலையைப் பார்த்ததும் வேல்ஸ் நண்பன் முன்னங்கால் சாய்வைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். ராஜாவை யாரும் கவனிக்கவில்லை.

நாளை அரச குடும்பம் வண்டியில் வரப்போவதும் இந்தப் பூங்கா வழியாகத்தான். 1825இல் நான்காம் ஜார்ஜ் தொடங்கிவைத்த வழக்கம் அது. சரி, நாளை சீக்கிரம் எழ வேண்டும்.

வியாழன் நள்ளிரவு

கால் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

விண்ட்சரிலிருந்து ரயிலேறி ஸ்டெயின்ஸில் மாறினோம். அங்கே நடைமேடையே தொப்பிகளால் நிறைந்திருந்தது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து வரும் ரயிலில் நிற்க இடமில்லை. ஆனாலும் ஒருவர் தொப்பியை இன்னொருவர் இடித்துவிடாமல் எல்லோரும் கழுத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அஸ்காட் நிலையத்திலிருந்து மரங்களுக்கு நடுவே கொஞ்சம் மேடேறி நடந்தால் பந்தயத்திடல். வாசலில் பச்சை வெல்வெட் கோட்டு போட்ட காவலர்கள். ஒரு காலத்தில் விண்ட்சர் கோட்டைத் திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய துணியில் தைத்த உடை என்று சொல்வார்கள்.

உடை விதி பற்றிக் கேட்கிறவர்களுக்காக: ராயல் என்க்ளோஷர் என்ற உள்வட்டத்தில் ஆண்களுக்கு நீள கோட்டும் உயரத் தொப்பியும் கட்டாயம். பெண்கள் தலையில் வைப்பதன் அடிப்பாகம் குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் நாட்டு உடையிலும் போகலாம். எங்கள் சீட்டு குயீன் ஆன் என்க்ளோஷருக்கு. அங்கே ஆண்களுக்குக் கோட்டும் டையும், கணுக்கால் மறைய சாக்ஸும். பெண்களுக்குத் தொப்பியோ தலையணியோ இருந்தால் போதும். விலை அதிகமான இடத்துக்குச் சீட்டு கிடைக்கவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டத்தை இங்கிருந்தே நன்றாகப் பார்க்கலாம். எனக்கு அதுதான் அஸ்காட்டின் நடுமையம்.

பேராசிரியை அங்கே எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். பந்தயப் புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது. எந்தக் குதிரை இதற்கு முன் எத்தனை ஜெயித்தது, அதை ஓட்டுகிற ஜாக்கி யார், பந்தயப் பணம் வாங்குகிற புக்கிகள் ஜெயித்தால் எத்தனை மடங்கு தருவதாகச் சொல்கிறார்கள், எதுவும் தெரியக் கூடாது. குதிரையை மட்டும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காரணத்தோடு நோட்டில் எழுத வேண்டும். பணம் கட்டுவது அவரவர் விருப்பம். நான் கட்டவில்லை. எனக்கு அந்த நோட்டுப் பக்கம் போதுமான பரபரப்பைக் கொடுத்தது.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் நடை. பின்னங்கால், முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டி விழ வேண்டும். இடுப்பு தளர்வாக ஆட வேண்டும். அப்புறம் தோல். உடம்பு நல்ல நிலையில் இருக்கிற குதிரையின் விலாவில் வெயில் படும்போது வட்ட வட்டமாக ஒரு மினுக்கம் தெரியும். பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டியிருந்தால் அது ஓடுமுன்பே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, வாலை இறுக்கி வைத்திருக்கிறதா, பிடித்து நடத்துகிறவரின் தோளோடு ஒட்டி நடக்கிறதா இழுக்கிறதா. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். எனக்குக் கல்லூரியில் கிடைக்காத பாடம் அது.

குதிரைகளை நடத்திவந்த இளைஞர்களை இங்கே சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையிலிருந்து தேய்த்து, சீவி, பிடரி மயிரைப் பின்னி, குளம்புக்கு எண்ணெய் பூசிக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், சிறப்பாகத் தயார்செய்த குதிரையைப் பராமரிப்பவருக்குத் தனிப் பரிசு உண்டு. இன்று அதை வாங்கிய ஒரு பெண், உறையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு முதல் காரியமாகக் குதிரையின் நெற்றியைத் தேய்த்துக் கொடுத்தாள். நாங்கள் ஐந்து பேரும் கை வலிக்கத் தட்டினோம்.

சரியாக இரண்டு மணிக்கு அரச ஊர்வலம். நேர்ப்பாதையின் அந்தக் கோடியிலிருந்து நான்கு வண்டிகள். முன்னால் 'விண்ட்சர் கிரே' எனப்படும் சாம்பல் வெள்ளைக் குதிரைகள். வண்டியோட்டி ஆசனம் கிடையாது. இடப்பக்கக் குதிரையின் மேலேயே ஆள் உட்கார்ந்து இரண்டையும் ஓட்டுகிறார். ஆயிரக்கணக்கானவர்கள் கத்தி, தொப்பி ஆட்டி, வாத்தியம் முழங்குகிறபோது அந்தக் குதிரைகள் ஒரே தாளத்தில் நடந்தன. பயந்து ஓடித் தப்பிப்பதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி அது. அதற்கு இந்த நிதானத்தைக் கற்றுக்கொடுக்க எத்தனை மாதப் பொறுமை வேண்டும்! ஊர்வலத்தில் நான் வணங்கியது அந்தப் பயிற்சியாளர்களை.

முதல் பந்தயம் நார்ஃபோக் ஸ்டேக்ஸ். இரண்டு வயதுக் குட்டிகளுக்கானது, ஐந்து ஃபர்லாங். அதாவது ஒரு கிலோமீட்டர், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வட கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள் என்று கணக்கு. அதனால் ஏப்ரலில் பிறந்த குட்டி இந்த ஜூனில் உண்மையில் இரண்டு வயதைத் தாண்டிச் சில வாரம்தான் ஆகியிருக்கும். முதுகெலும்பு இன்னும் முற்றாத வயது. இந்த வயதில் அளவான வேகப் பயிற்சி எலும்பைக் கெட்டிப்படுத்தும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் குட்டிகள் தொடக்கப் பெட்டிக்குப் போகும்போது என் வயிறு இறுகியது உண்மை. எல்லாம் நல்லபடியாகத் திரும்பி வந்தன.

நான்காவது பந்தயம்தான் கோல்ட் கப். இந்த வியாழக்கிழமையே அதற்காகத்தான். 1807இலிருந்து நடக்கிறது. ஜெயிப்பவர் கோப்பையைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அவருக்கே சொந்தம். 1907இல் பந்தய வாரத்தில் காட்சிக்கு வைத்திருந்த கோப்பையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். 2006இலிருந்து 2009 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து ஜெயித்த ஒரே குதிரை யேட்ஸ். அதற்கு இங்கே சிலை இருக்கிறது. 2013இல் எஸ்டிமேட் என்ற பெட்டைக் குதிரை ஜெயித்தபோது எலிசபெத் அரசிதான் அதன் சொந்தக்காரர். ஆட்சியிலிருக்கும் மன்னரோ அரசியோ இந்தக் கோப்பையை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

தூரம் இரண்டரை மைல், நாலு கிலோமீட்டர். பார்வையாளர் மேடைக்கு முன்னால் ஒரு தடவை கடந்துபோய், இறக்கத்தில் ஸ்வின்லி பாட்டம் என்ற பள்ளத்துக்கு இறங்கி, அங்கிருந்து இருபது மீட்டருக்கு மேல் ஏற்றம் ஏறி வர வேண்டும். வேகம் மட்டும் இருந்தால் இங்கே ஒன்றும் நடக்காது. நெஞ்சு வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை துடிக்கிற இதயம் இந்த ஓட்டத்தில் இருநூறைத் தாண்டும். மண்ணீரல் சேமித்து வைத்திருக்கிற சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். குதிரைக்கு வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்று காலும் நுரையீரலும் பூட்டிக்கொள்கின்றன. இதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இன்று அதைக் காதால் கேட்டேன். முதல் சுற்றில் எங்களுக்கு முன்னால் கடந்தபோது குளம்புச் சத்தத்துக்கு மேலே ஹஃப், ஹஃப் என்று ஒரே சீராக, பத்துப் பன்னிரண்டு நெஞ்சுகளின் மூச்சு. தரை அதிர்ந்தது. வேலியில் வைத்திருந்த என் கை அதிர்ந்தது. நைஜீரிய நண்பர் என் தோளைப் பிடித்து, "கேட்டியா, கேட்டியா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாலேகால் நிமிடத்துக்கு மேல் நடக்கிற பந்தயம் எப்படி முடிந்தது என்றே தெரியவில்லை. கடைசி நேர்ப்பாதையில் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

நான் எழுதிவைத்த குதிரை நான்காவதாக வந்தது. அயர்லாந்துத் தோழியின் குதிரை இரண்டாவது. பேராசிரியை என் குறிப்பை வாசித்துவிட்டு, "காரணம் சரி, தூரம்தான் இதற்குக் கூடுதல்" என்றார். அந்தத் தோள் வேகத்துக்கானது, நாலு கிலோமீட்டருக்கானது அல்ல என்று அவர் விளக்கியதும் எனக்கும் விளங்கியது.

பந்தயம் முடிந்ததும் கூட்டம் ஜெயித்தவர்களைப் பார்க்க ஓடியது. நாங்கள் கடைசியாக வந்த குதிரைகளைப் பார்க்கப் போனோம். வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சூடான தசையில் குளிர்ந்த நீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று குதிரைக்காரர்கள் ரொம்ப நாள் நம்பினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையில்லை என்று காட்டின. இப்போது மேலே ஊற்றுவதை நிறுத்துவதே இல்லை. மூச்சு அடங்குகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நடத்துகிறார்கள்.

திடலில் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர் சிறிது நேரம் ஒதுக்கிப் பேசினார். ஓடும் குதிரைகளுக்குப் பின்னாலேயே மருத்துவர்களின் வண்டி போகும், கீழே விழுந்தால் சில நொடிகளில் பக்கத்தில் இருப்பார்கள். ஜெயித்த குதிரையைச் சோதனைக்காகத் தனி லாயத்துக்குக் கொண்டுபோய்ச் சிறுநீர் எடுப்பார்கள். அதற்குப் பராமரிப்பவர் மெதுவாக விசில் அடிப்பார், பழகிய குதிரை அந்தச் சத்தத்துக்கு இசையும்.

சாட்டை பற்றி நான் கேட்டேன். பிரிட்டனில் 2023இலிருந்து, தடைதாண்டல் இல்லாத சமதளப் பந்தயத்தில் ஆறு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் ஜாக்கிக்குத் தண்டனை, அளவுக்கு மீறிப் போனால் குதிரையின் வெற்றியே ரத்து. சாட்டைக்குள் பஞ்சுமெத்தை வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஜாக்கியின் பாதுகாப்புக்குத் தவிர வேறு எதற்கும் அது வேண்டாம். இன்று நான் பார்த்த நல்ல ஓட்டங்களில் ஜாக்கியின் கைகள் அசையாமல்தான் இருந்தன. பந்தயத்தில் குதிரைகள் சாகின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதைக் குறைப்பதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் படிக்கிறோம். எலும்பில் நுண்ணிய விரிசல் விழும்போதே கண்டுபிடிக்கும் ஸ்கேன்கள் வந்துவிட்டன. பணமும் மனமும் இருந்தால் இன்னும் பல குதிரைகளைக் காப்பாற்றலாம்.

கடைசிப் பந்தயத்துக்குப் பிறகு வாத்திய மேடையைச் சுற்றி எல்லோரும் கொடி பிடித்துப் பாடுகிற வழக்கம் 1970களிலிருந்து இருக்கிறது. எங்கள் கையிலும் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். வேல்ஸ் நண்பனுக்கு நல்ல குரல், முன்பின் தெரியாதவர்கள் அவனைச் சுற்றி நின்றுவிட்டார்கள். பேராசிரியையும் பாடினார்!

வெள்ளி, நியூமார்க்கெட்

இன்று பெரும்பாலும் ரயில்தான். லண்டன், கேம்பிரிட்ஜ், அங்கிருந்து பந்தயக் குதிரைகளின் ஊரான நியூமார்க்கெட். பாதி வழி எல்லோரும் தூங்கிக்கொண்டே வந்தோம்.

பிற்பகல் பேலஸ் ஹவுஸில் உள்ள தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகம். அதோடு சேர்ந்தே ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளுக்கு மறுபயிற்சி தருகிற களம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். வேகமாக ஓடு என்று மட்டுமே சொல்லி வளர்த்த குதிரைக்கு நின்று நிதானிக்கக் கற்றுக்கொடுப்பது சின்ன வேலை இல்லை. அது பந்தயத்துறை செய்ய வேண்டிய கடமை என்றும் நினைக்கிறேன்.

ரயிலில் பேராசிரியை எக்லிப்ஸ் என்ற குதிரையின் கதையைச் சொன்னார். 1764 ஏப்ரல் 1, சூரிய கிரகணத்தன்று பிறந்ததால் அந்தப் பெயர். ஓடிய 18 பந்தயத்திலும் தோற்கவே இல்லை. 1789இல் அது செத்தபோது பிரெஞ்சுக்காரரான சான்பெல் அதை அறுத்து, எலும்புக்கு எலும்பு அளந்து எழுதினார். 1791இல் லண்டனில் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை தகப்பன் வழியில் எக்லிப்ஸின் வாரிசுகள். நேற்று எங்களைக் கடந்துபோன மூச்சுகளும் அந்த வம்சம்தான்.

சனி காலை, வாரன் ஹில்

ஐந்து மணிக்கே கிளம்பினோம். இந்த ஊரில் காலையில் சாலை குதிரைகளுக்குத்தான். அவற்றுக்கென்று தனி நடைபாதை, தனிக் கடவை. வரிசை கடக்கும்வரை லாரியும் காத்து நிற்கிறது, ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை.

வாரன் ஹில் ஒரு நீண்ட ஏற்றம். வரிசை வரிசையாகக் கீழிருந்து குதிரைகள் மேலே ஓடி வருகின்றன. ஒரு பயிற்சியாளரின் அனுமதியோடு ஏற்றத்தின் உச்சியில், பாதைக்குப் பக்கத்திலேயே நின்றோம். அஸ்காட்டில் கூட்டத்தோடு கேட்டதை இங்கே ஒவ்வொன்றாகக் கேட்க முடிந்தது. இரண்டு இரண்டாக வருகின்றன, சீரான மூச்சு, போய்விடுகின்றன.

அயர்லாந்துத் தோழி திடீரென்று கையை உயர்த்தினாள். பழுப்புக் குதிரை ஒன்று எங்களைக் கடந்தது. எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. "உள்ளே இழுக்கும்போது கேள்" என்றாள். அது இரண்டாவது தடவை ஏறி வந்தபோது கவனித்தேன். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் ஒரு கரகரப்பு, மரம் அறுப்பது மாதிரி. குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழந்தால் அந்தப் பக்கக் குருத்தெலும்பு விலகாமல் காற்றுப் பாதையை அடைக்கும். இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கிப் பெருந்தமனியைச் சுற்றி மறுபடி மேலே ஏறுகிறது. அவ்வளவு நீளம் என்பதால்தான் அது முதலில் கெடுகிறது. அவள் ஒரு வருடம் உழைத்து எழுதியது இதைப் பற்றித்தான்.

தயங்கித் தயங்கித் தலைமைப் பராமரிப்பாளரிடம் சொன்னாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு வாரமாக எங்களுக்கும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். குதிரையை நிறுத்தித் தொண்டையைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். இடப்பக்கத் தசை மெலிந்திருந்தது என் விரலுக்கே தெரிந்தது. வேல்ஸ் நண்பன், நைஜீரிய நண்பர், எல்லோரும் தொட்டுப் பார்த்தோம். குதிரை பொறுமையாக நின்றது.

திங்கட்கிழமை அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஓடும்போதே உள்நோக்கிக் கருவியால் குரல்வளையைப் பார்க்கப் போகிறார்கள். சேணத்தில் கருவியைப் பொருத்தி, ஜாக்கி ஏறி ஓட்ட, படம் கம்பியில்லாமல் வந்து சேரும். எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை ரயிலுக்கு எடுத்திருந்த சீட்டுகளை இப்போதுதான் மாற்றினோம்.